ஷோப்பானுக்கு டி.பி.யா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸா? – கேள்வியே தப்பு

2017 நவம்பரில் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் ஒரு செய்தி ஓடியது. பியானோ மேதை ஃபிரடெரிக் ஷோப்பானின் மரண மர்மம் தீர்ந்துவிட்டதாம். வார்சாவில் ஒரு தேவாலயத் தூணுக்குள் ஜாடியில் வைத்திருக்கும் அவருடைய இதயத்தைப் போலந்து ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள், காரணம் காசநோய்தான், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை, கேஸ் முடிந்தது என்கிற தொனி. 1849-ல் இறந்தவருக்கு 168 வருடம் கழித்துத் தீர்ப்பு.

செய்தியைப் படித்துவிட்டு மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். பிறகு அதற்கு முந்தைய கட்டுரைகள். அப்படியே ஜார்ஜ் சாண்டின் பயண நூல் வரை போய்விட்டது. இந்தப் பதிவு இசை விமர்சனம் இல்லை. ஷோப்பானின் நோயைப் பற்றி எழுதப்பட்டவற்றின் மீதான விமர்சனம். நான் டாக்டர் இல்லை, பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. நடு ராத்திரியில் விழுந்துபோன ஒரு சிஸ்டம் ஏன் விழுந்தது என்று மறுநாள் அறிக்கை எழுதுவது எங்கள் பிழைப்பின் ஒரு பகுதி. அந்த அறிக்கைகளில் எதெல்லாம் ஓட்டை என்று பார்க்கும் கண்ணோடுதான் இவற்றையும் படித்தேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருட விவாதமும் 'இதுவா, அதுவா' என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது. ஒரு மனிதனுக்கு இரண்டும் இருந்திருக்கலாமே என்ற கேள்வியை யாரும் நின்று நிதானமாகக் கேட்கவில்லை. இது ஷோப்பானோடு முடிகிற விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இதே பழக்கம் இன்றைக்கும் நம்மூர்க் குழந்தைகளின் நுரையீரலில் போய் முடிகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு நோய்கள், சுருக்கமாக

காசநோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. க்ஷயம், எலும்புருக்கி என்று நம் தாத்தா பாட்டி காலத்துப் பெயர்களே அது செய்கிற வேலையைச் சொல்லிவிடும். கிருமியால் வருவது, காற்றில் பரவுவது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோஃக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஷோப்பான் இறந்து 33 வருடம் கழித்து.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரம்பரை நோய். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஒரு மரபணு வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் வெறுமனே சுமப்பவர்கள். செல்லின் சுவரில் உப்பு போய்வரும் ஒரு வாசல் சரியாகத் திறப்பதில்லை. அதனால் நுரையீரல், கணையம் என்று எல்லா இடத்திலும் சளி கோந்து மாதிரி இறுகிவிடுகிறது. நுரையீரலில் ஓயாத தொற்று. கணையத்தின் செரிமான நீர் குடலுக்கு வராததால் கொழுப்பு செரிக்காது. வியர்வையில் உப்பு மிக அதிகம். 1938-ல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக விவரித்தார். பத்து வருடம் கழித்து, 1948-ல் அந்த ஊரில் அடித்த கடும் வெயில் அலையில் இந்தக் குழந்தைகள்தான் அதிகமாகச் சுருண்டு விழுந்தார்கள். அதைக் கவனித்த பால் டி சான்ட் ஆக்னெசே என்ற டாக்டர் வியர்வை உப்பைக் கண்டுபிடித்தார். அதுதான் இன்றைய வியர்வைப் பரிசோதனைக்கு ஆதாரம். மரபணு 1989-ல்தான் பிடிபட்டது.

அதாவது ஷோப்பான் வாழ்ந்த காலத்தில் ஒரு நோய்க்குப் பெயர் இருந்தது, காரணம் தெரியாது. இன்னொரு நோய்க்குப் பெயரே கிடையாது.

லாக் ஃபைலில் என்ன இருக்கிறது?

நமக்குக் கிடைத்திருக்கும் தகவல்கள் இவை. 1826-ல், 16 வயதில், மாதக்கணக்கில் நீடித்த மூச்சுக் கோளாறு. கழுத்துச் சுரப்பிகள் வீக்கம், தலைவலி. அம்மா அவனையும் தங்கை எமிலியாவையும் டுஸ்னிக்கி என்ற ஊற்று நீர் ஊருக்கு அழைத்துப் போனார். அடுத்த வருடமே, 14 வயதில், ரத்த வாந்தி எடுத்து எமிலியா இறந்தாள். 1835-36 குளிர்காலத்தில் பாரீஸில் ஷோப்பானுக்கு நோய் முற்றி, அவர் இறந்துவிட்டதாக வார்சாவரை வதந்தி. 1838-39-ல் மயோர்க்கா தீவில் மறுபடி. 170 செ.மீ. உயரம், எடை 45 கிலோவுக்குக் கீழே. கொழுப்புள்ள உணவு, குறிப்பாகப் பன்றி இறைச்சி சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு. கடைசி வருடங்களில் மாடிப்படி ஏற ஆள் தூக்க வேண்டும். பாடம் சொல்லிக்கொடுத்ததும் சாய்ந்து படுத்தபடியே. 1849 அக்டோபர் 17, பாரீஸில் மரணம். வயது 39.

உடலைத் திறந்து பார்த்தவர் ஜான் க்ரூவெய்யே, அந்தக் காலத்தின் பெரிய நோய்க்கூறு நிபுணர். மரணச் சான்றிதழில் நுரையீரல், குரல்வளைக் காசநோய் என்று எழுதியதாகச் சொல்வார்கள். ஆனால் அவருடைய பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்று இல்லை. நண்பர்களின் கடிதங்கள் வழியாக வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: நுரையீரலைவிட இதயம் மோசமாக இருந்தது, இது டாக்டர் இதற்குமுன் பார்க்காத மாதிரியான நோய். ஒரிஜினல் லாக் அழிந்துவிட்டது, யாரோ பார்த்துச் சொன்னதை வைத்து டிபக் பண்ண வேண்டிய நிலைமை.

1987: கட்சி மாறிய கேஸ்

1987-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் ஜான் ஓ'ஷே எழுதிய கட்டுரைதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வாதத்தை மேடை ஏற்றியது. நல்ல கேள்வி அது. சின்ன வயதிலிருந்து 39 வரை நீண்ட இருமல், கொழுப்பு ஒத்துக்கொள்ளாமை, எலும்பும் தோலுமான உடம்பு, குழந்தை இல்லை, தங்கையும் இளவயதில் சாவு. இதையெல்லாம் சேர்த்தால் பரம்பரை நோய் ஒன்றின் வடிவம் தெரிகிறதே என்றார். இதற்குப் பிறகு பெரிய பட்டியலே வந்தது. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்றார்கள், இதய வால்வு சுருக்கம் என்றார்கள், பூஞ்சை ஒவ்வாமை என்றார்கள். 1998-ல் செஸ்ட் இதழில் வந்த கூபா, யங் இருவரின் கட்டுரை இந்தச் சாட்சியங்களை இன்னும் விரிவாக எடைபோட்டது.

டெஸ்ட் கேஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு அடிப்படை விதி தெரியும். சரியான கோடிலும் தப்பான கோடிலும் ஒரே மாதிரி பாஸ் ஆகிற டெஸ்ட், டெஸ்டே இல்லை. இருமல், ரத்தம், மெலிவு, மூச்சிரைப்பு எல்லாம் இந்த ரகம். இரண்டு நோயிலும் உண்டு. இவற்றை எத்தனை அடுக்கினாலும் எந்தக் கட்சிக்கும் ஓட்டு விழாது. கட்டுரைகளின் பாதிப் பக்கங்கள் இதில்தான் போகின்றன.

பிரித்துக் காட்டக்கூடிய சாட்சியம் என்று பார்த்தால் மூன்றுதான் தேறும்.

முதலாவது, குழந்தை இல்லாதது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் விந்து நாளம் இல்லாமலே பிறக்கிறார்கள், அது உண்மை. ஆனால் ஷோப்பானின் நீண்ட உறவு ஒன்றே ஒன்று, ஜார்ஜ் சாண்டோடு. 1838-ல் அது தொடங்கும்போது சாண்டுக்கு 34 வயது, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அந்த உறவின் படுக்கையறைக் கணக்கு நம் கையில் இல்லை. 'குழந்தை இல்லை' என்பதை 'குழந்தை பெற முடியாது' என்று மாற்றி எழுதுவது, கல்யாண வீட்டுப் பெரிசுகள் செய்கிற வேலை. ஆராய்ச்சிக் கட்டுரை செய்யக் கூடாது.

இரண்டாவது, சுற்றியிருந்த யாருக்கும் தொற்றவில்லையே என்ற வாதம். சாண்டுக்கு வரவில்லை, அவர் பிள்ளைகளுக்கு வரவில்லை, மாணவர்களுக்கு வரவில்லை, எனவே காசநோய் இல்லை. இது பலமான வாதம் மாதிரி தெரியும். ஆனால் கிருமி உடம்புக்குள் போனவர்களில் வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டாலும் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் நோயாக மாறுகிறது. தொற்றாதது எதையும் நிரூபிக்கவில்லை.

மூன்றாவது, கொழுப்பு செரிக்காதது. இதுதான் இருப்பதிலேயே நல்ல சாட்சி. ஆனால் இதை மற்ற சாட்சியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணையம் வேலை செய்யாத அளவுக்குக் கடுமையான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால், ஆன்டிபயாடிக்கோ கணைய நொதி மாத்திரையோ இல்லாத காலத்தில் 39 வயது என்பது நம்ப முடியாத நீளம். ஆண்டர்சன் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளையே பார்க்கவில்லை. 39 வரை வாழ்ந்ததற்கு 'அது லேசான வகை' என்கிறார்கள். சரி. லேசான வகையில் கணையம் பெரும்பாலும் ஓரளவு வேலை செய்யும். அப்போது வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டும். வயிற்றுக்கு ஒரு கடுமையான நோய், ஆயுசுக்கு ஒரு லேசான நோய் என்று ஒரே வாதத்துக்குள் இரண்டு வெர்ஷன் ஓடுகிறது. இதை அந்தத் தரப்பு எழுத்துகள் எதுவும் நேராக எதிர்கொள்ளவில்லை என்பது என் முக்கியமான புகார்.

2017: தூணுக்குள் இருந்த ஜாடி

உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தன் உடலைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஷோப்பான் இறந்தார். உடல் பாரீஸின் பேர் லாஷேஸ் கல்லறையில் இருக்கிறது. இதயத்தை அக்கா லுட்விகா சாராய ஜாடியில் மறைத்து வார்சாவுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு அது புனிதச் சிலுவை தேவாலயத்தின் தூணுக்குள் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கைக்குப் போய், 1945 அக்டோபர் 17 அன்று, அவர் நினைவு நாளில், திரும்பி வந்தது.

2008-ல் மரபணுப் பரிசோதனைக்கு அனுமதி கேட்டார்கள், போலந்து அரசு மறுத்துவிட்டது. 2014 ஏப்ரலில் ஒரு ராத்திரி, பதின்மூன்று பேர் முன்னிலையில், தூணிலிருந்து ஜாடியை எடுத்தார்கள். திறக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், மூடி கசியாமல் மெழுகு பூசித் திரும்ப வைத்தார்கள். மீக்கல் விட் குழுவினர் 2017-ல் எழுதிய கட்டுரை அந்தப் பார்வையின் விளைவு. இதயம் பெருத்திருக்கிறது. மேலே பனி படர்ந்த மாதிரி வெள்ளை நார்ப் படலம், சில முடிச்சுகள். இவை இதயத்தின் மேலுறையைக் காசநோய் தாக்கியதைக் காட்டுகின்றன, மரணத்துக்கு அதுவே உடனடிக் காரணமாக இருக்க மிக அதிக வாய்ப்பு என்கிறார்கள்.

கட்டுரை நிதானமானது. 'மிக அதிக வாய்ப்பு' என்ற இடத்தில் அது நிற்கிறது. பத்திரிகைகள்தான் அதை 'நிரூபணம்' ஆக்கின. க்ரூவெய்யே இதயம் மோசமாக இருந்தது என்று சொன்னதாக வந்த செவிவழிச் செய்தியோடும் இது பொருந்துகிறது. எனக்கு இந்த முடிவு நியாயமாகவே படுகிறது: ஷோப்பானுக்குக் காசநோய் இருந்தது, அது இதயம் வரை போனது.

ஆனால் அடுத்த படியைப் பாருங்கள். 'காசநோய் இருந்தது, எனவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை.' இந்த 'எனவே' எங்கிருந்து வந்தது? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இதயத்தின் மேற்பரப்பில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிற நோய் இல்லை. அது தெரிய வேண்டுமானால் நுரையீரலையோ கணையத்தையோ மரபணுவையோ பார்க்க வேண்டும். சர்வர் கடைசியில் டிஸ்க் நிரம்பி விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முன்னால் இருபது மாதமாக அது ஏன் மெதுவாக ஓடியது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டதாக ஆகாது. இரண்டும் ஒரே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஒக்காமின் கத்தி எங்கே வெட்டாது

இருப்பதில் எளிய விளக்கத்தையே எடு என்பது ஒக்காமின் கத்தி. மருத்துவத்தில் இதற்கு ஒரு எதிர்விதி உண்டு. ஜான் ஹிக்கம் என்ற அமெரிக்க டாக்டர் பெயரில் வழங்குவது: நோயாளிக்கு எத்தனை நோய் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் இருக்கலாம், அவனுக்கு இஷ்டம். எங்கள் தொழிலிலும் இதுதான் அனுபவம். பெரிய விபத்துகள் பெரும்பாலும் ஒரு பக்கினால் வருவதில்லை. இரண்டு சின்ன பக் ஒரே நாளில் சந்தித்துக்கொள்ளும்போது வருகின்றன.

ஷோப்பான் விஷயத்தில் காசநோய் வந்துசேர வழிகள் தாராளமாக இருந்தன. வீட்டில் எமிலியா. பாரீஸில் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் யான் மாத்துஷின்ஸ்கி. அவரே டாக்டர், 1842-ல் காசநோயில் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரீஸில் அந்தக் கிருமியைச் சந்திக்காமல் வாழ்ந்திருந்தால்தான் ஆச்சரியம். ஏற்கெனவே பழுதான நுரையீரல் உள்ள ஒருவருக்கும் அதே காற்றுதான். ஆக, 'இளமையில் ஒன்று, முடிவில் இன்னொன்று' என்பது கற்பனைக் கதை இல்லை, சாதாரணமான சாத்தியம். இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தைப் படிவத்தில் விட்டுவிட்டார்கள் என்கிறேன்.

இதில் ஒரு சுவாரசியமான கொக்கி உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 25 பேரில் ஒருவர் இந்தப் பழுதான மரபணுவைச் சுமக்கிறார். ஆளைக் கொல்லும் மரபணு எப்படி இவ்வளவு பரவியது? ஒரு நகல் மட்டும் சுமப்பவர்களுக்குக் காசநோயிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கலாம், அதனால் அவர்கள் தப்பிப் பிழைத்தார்கள் என்று 2007-ல் பூல்மன், கல்வானி இருவரும் கணக்குப் போட்டு ஒரு கருதுகோள் வைத்தார்கள். இன்னும் நிரூபணமாகவில்லை. சரியாக இருந்தால், நம் விவாதம் எதிரிகளாக நிறுத்தி வைத்த இரண்டு நோய்களும் ஒன்றின் நிழலில் இன்னொன்று வளர்ந்தவை என்று ஆகும்.

இரண்டோடும் சேர்ந்து வாழ்வது இன்றைக்கு எப்படி இருக்கும்? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வருவது அபூர்வம், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். எக்ஸ்ரே ஏற்கெனவே கலங்கலாகத்தான் இருக்கும், இருமலும் சளியும் தினசரி விஷயம். சளியில் அமிலத்துக்கு அசையாத கிருமி தெரிந்தால்கூட அது காசநோய்க் கிருமிதானா, இந்த நுரையீரல்களில் அதிகம் குடியேறும் அதன் பங்காளிக் கிருமியா என்று பிரித்தறிய வேண்டும். அடுத்தது மருந்து. காசநோய்க்கு முதல் வரிசை மருந்து ரிஃபாம்பிசின். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் வாழ்க்கையையே மாற்றிய புதிய மருந்துகளில் ஒன்று ஐவகாஃப்டர். இரண்டையும் சேர்த்து எடுத்தால், ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு ஐவகாஃப்டர் ரத்தத்தில் சேரும் அளவை 89 சதவீதம் குறைத்துவிடும். ஒரு நோயின் மருந்து இன்னொன்றின் மருந்தைத் தின்றுவிடுகிறது. இங்கே 'இதுவா அதுவா' என்று கேட்கிற டாக்டரால் பிரயோஜனம் இல்லை. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கணக்குப் போடுகிறவர் வேண்டும்.

'நோயாளி' என்று மட்டும் பெயருள்ள ஒருவர்

இப்போது சாண்டின் 'மயோர்க்காவில் ஒரு குளிர்காலம்' நூலுக்கு வருவோம். 1838 நவம்பரில் சாண்ட், அவர் பிள்ளைகள் இருவர், ஷோப்பான் நால்வரும் அந்தத் தீவுக்குப் போனார்கள். நல்ல வெயில், நல்ல காற்று என்று நம்பி. மழை பிடித்துக்கொண்டது. மூன்று உள்ளூர் டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே செத்துவிட்டதாகவும், ஒருவர் செத்துக்கொண்டிருப்பதாகவும், மூன்றாமவர் சாகப்போவதாகவும் சொன்னதாக ஷோப்பானே நண்பருக்குக் கிண்டலாக எழுதினார். செய்தி பரவியதும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். சுவருக்கு வெள்ளையடிக்கவும் படுக்கைக்கும் காசு கேட்டார். வால்டெமோசா மலையில் கைவிடப்பட்ட மடாலயத்தில் போய்த் தங்கினார்கள். பிப்ரவரியில் திரும்பும்போது பன்றிகள் ஏற்றிய கப்பலில் இடம் கிடைத்தது. பார்சிலோனா விடுதிக்காரரும் அவர் படுத்த கட்டிலுக்கு விலை கேட்டார், எரிக்க வேண்டுமாம்.

சாண்ட் இதைக் கோபத்தோடு எழுதுகிறார். தீவுக்காரர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள், ஈரம் இல்லாதவர்கள். நாமும் இரண்டு நூற்றாண்டாக அவர் பக்கம் நின்றே படிக்கிறோம். ஆனால் நோய் எது என்பதைப் பொறுத்து இந்த நூலின் நியாயமே இடம் மாறுகிறது. காசநோய் தொற்றும் என்று நம்பியது ஸ்பெயின். பரம்பரையாக வருவது என்று நம்பியது பாரீஸ் மருத்துவம். 2017 கட்டுரை சரி என்றால், அந்த வீட்டுக்காரர்தான் அறிவியலுக்குப் பக்கத்தில் இருந்தார், சாண்ட் தன் இரண்டு பிள்ளைகளோடு தொற்று நோயாளி பக்கத்தில் குளிர்காலம் முழுக்க இருந்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மட்டும்தான் என்றால், ஒரு அப்பாவியைத் துரத்தினார்கள். நோயைப் பற்றி எழுதிய டாக்டர்கள் இந்த நூலை அறிகுறிகள் பொறுக்கும் குப்பைக்கூடையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தத் திருப்பத்தை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்று. அந்த நூல் முழுக்க ஷோப்பான் என்ற பெயரே வராது. 'எங்கள் நோயாளி' என்றுதான் வரும். சாண்டுக்கு அதற்குக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் விளைவு என்ன? ஓபஸ் 28 பிரெலூட்களை அந்த மடாலயத்தில் உட்கார்ந்து முடித்துக்கொண்டிருந்த ஒரு தொழில்காரர், புத்தகத்தில் வெறும் உடம்பாக மிஞ்சுகிறார். அதன்பின் வந்தவர்கள் அந்தப் பிரெலூட்களில் இருமலையும் மழைத்துளியையும் கேட்க ஆரம்பித்தார்கள். அவற்றில் பல, தீவுக்குப் போகும் முன்பே தொடங்கியவை. நோயை இசையில் தேடுவதும், இசைக்காரரை நோயில் கரைப்பதும் ஒரே தப்பின் இரண்டு முகம்.

துரத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. தொற்றும் என்று தெரிந்தால் துரத்தித்தான் ஆக வேண்டுமா? அந்தக் கேள்விக்கு விடை சொன்னது நம்ம மெட்ராஸ். 1956-ல் தொடங்கிய ஆய்வில் 193 காசநோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவர்களுடைய நெருக்கடியான, ஏழை வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கதை இதற்கு நேர்மாறு. அவர்கள் நம்மோடு தாராளமாக இருக்கலாம், ஆனால் அதே நோய் உள்ள இன்னொருவரோடு ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒருவர் நுரையீரல் கிருமி மற்றவருக்கு எமன். உலகத்திலேயே தன்னைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆளிடமிருந்து தள்ளி நிற்க வேண்டிய நோய் அது.

இங்கே என்ன நடக்கிறது?

உலகின் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில். அதனால் நம்மூரில் ஒரு குழந்தை மாதக்கணக்கில் இருமி, எடை ஏறாமல் இருந்தால் முதலில் டி.பி. என்று சந்தேகப்படுவது சரியான புத்திதான். தப்பு அங்கே இல்லை. மருந்து கொடுத்தும் சரியாகாதபோது, மறுபடி அதே மருந்து, இன்னொரு தடவை அதே மருந்து என்று போகிறோமே, அங்கே இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரர் நோய், இந்தியாவில் கிடையாது என்ற எண்ணம் ரொம்ப காலம் இருந்தது. 1968-லேயே இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் ஒரு கேஸ் பதிவாகியிருந்தும் அந்த எண்ணம் போகவில்லை. இங்கே கண்டுபிடிக்கப்படும் குழந்தைகள் பலர் அதற்குமுன் காசநோய் மருந்து சாப்பிட்டு வந்தவர்கள் என்பதை இந்திய மருத்துவர்களே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஒற்றை விடை மேல் உள்ள ஆசை அங்கே ஒரு குழந்தையின் வருடங்களைத் தின்கிறது.

மறுபக்கமும் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்த குழந்தைக்குப் புதிதாக மெலிவும் காய்ச்சலும் வந்தால், 'அதான் இருக்கே' என்று விட்டுவிடவும் கூடாது. காசநோய் நிறைந்த நாட்டில் அந்தக் குழந்தையும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

ஷோப்பானின் ஜாடியை அடுத்து 2064 வாக்கில்தான் எடுப்பார்கள் என்கிறார்கள். அப்போது மரபணுவைச் சோதித்து ஏதாவது கிடைத்தால் படிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பழுதான மரபணு கிடைத்தாலும் 2017-ல் பார்த்த அந்த வெள்ளைப் படலம் எங்கேயும் போய்விடாது. அன்றைக்காவது 'அப்போ டி.பி. இல்லையா?' என்று தலைப்புப் போடாமல் இருந்தால் சரி.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ டி.பி. மருந்து முழுக் கோர்ஸ் முடித்தும் இருமல் விடாத குழந்தை இருந்தால், எடை ஏறவில்லை, மலம் எண்ணெய்ப் பசையாக நாற்றமடிக்கிறது, முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று அம்மா சொன்னால், மருந்தை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: வியர்வை டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சா? பெரிய அரசு, தனியார் மருத்துவக் கல்லூரிகளின் குழந்தைப் பிரிவில் விசாரித்தால் எங்கே எடுப்பார்கள் என்று சொல்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கொஞ்சம் வியர்வை போதும்.